பத்லாபூர்: முதல் தடவை பார்க்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

புணேக்கு வேலைக்கு வரும்வரை நான் முழுசாகப் பார்த்த ஹிந்திப் படங்களை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். வந்த முதல் மழைக்காலத்தில், ஒரு சனிக்கிழமை ராத்திரி, என்னோடு அறையில் இருப்பவர் மடிக்கணினியில் 'பத்லாபூர்' போட்டார். அவர் சாங்லிக்காரர், என்னைவிட மூத்தவர். மராத்தியில் அக்காவைக் கூப்பிடுகிற மாதிரி 'தாயி' என்றுதான் அவரை அழைப்பேன். அன்றைக்குப் பிறகு இந்தப் படத்தைப் பற்றி நான் பேசாத ஆள் இல்லை. ஊரில் இருக்கிற தோழிகளும் தம்பியும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே சேர்த்து வைக்கிறேன். முடிவைச் சொல்லிவிடும் கேள்விகள் கடைசியில் இருக்கின்றன. அதற்கு முன்னால் எச்சரிக்கை கொடுத்திருக்கிறேன்.

கதை என்ன? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

புணேயில் ஒரு வங்கிக் கொள்ளை. பணத்தோடு ஓடிவரும் இரண்டு பேர் தப்பிப்பதற்காகத் தெருவில் இருந்த ஒரு காரைப் பறிக்கிறார்கள். காருக்குள் ஒரு பெண்ணும் அவளுடைய சின்னப் பையனும் இருக்கிறார்கள். அன்றைய தினம் முடிவதற்குள் அம்மாவும் பிள்ளையும் உயிரோடு இல்லை. கொள்ளையரில் லாயக் என்பவன் பிடிபடுகிறான். மற்றவன் பணத்தோடு மறைந்துவிடுகிறான். கூட்டாளி யார் என்று லாயக் வாயைத் திறப்பதே இல்லை. அவனுக்கு 20 வருடச் சிறை.

பறிகொடுத்த கணவன் ரகு, விளம்பரத் துறையில் நல்ல வேலையில் இருந்தவன். எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பத்லாபூர் என்ற ஊருக்குப் போய்த் தனியாக உட்கார்ந்துகொள்கிறான். 15 வருடம் போகிறது. சிறையில் லாயக்குக்குப் புற்றுநோய் முற்றுகிறது, சாகப்போகிறவனை விட்டுவிடலாமே என்று ஒரு சமூக சேவகி ரகுவைத் தேடி வருகிறாள். மீதிக் கதை அங்கிருந்துதான்.

படம் 2015 பிப்ரவரி 20 அன்று வந்தது. இயக்கியவர் ஸ்ரீராம் ராகவன். ரகுவாக வருண் தவான், லாயக்காக நவாசுத்தீன் சித்திக்கி. ஓடும் நேரம் ஏறக்குறைய இரண்டேகால் மணி.

பத்லாபூர் என்று நிஜமாகவே ஊர் இருக்கிறதா? பெயருக்கு என்ன அர்த்தம்?

இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் தாணே மாவட்டத்தில், உல்லாஸ் ஆற்றங்கரையில், மும்பை புறநகர் ரயில் கல்யாணைத் தாண்டி கர்ஜத் போகும் வழியில் இருக்கிற ஊர். மும்பையில் வீட்டு வாடகை கட்டுப்படி ஆகாதவர்கள் அங்கே குடியிருந்துகொண்டு தினம் ரயிலில் வேலைக்குப் போய்வருகிறார்கள். புணேயிலிருந்து மும்பைக்கு ரயிலில் போனால் அந்த ஸ்டேஷனைக் கடந்துதான் போவோம். ஊரின் பெயருக்கு அங்கே சொல்லப்படும் கதை வேறு. அந்தக் காலத்தில் பயணம் போகிறவர்கள் களைத்த குதிரையைக் கொடுத்துவிட்டுப் புதுக் குதிரை மாற்றிக்கொள்ளும் இடமாம். 'பதல்' என்றால் மாற்றம்.

ஹிந்தியில் 'பத்லா' என்றால் பழிக்குப் பழி. ஊர்ப்பெயர் அப்படியே 'பழியூர்' என்று காதில் விழும். படத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. ஆனால் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது இன்னொரு விஷயம். இதே அரபு வேரிலிருந்துதான் நம்முடைய 'பதில்' வந்தது என்று தமிழ் அகராதி சொல்கிறது. நாம் தினம் ஆயிரம் முறை சொல்கிற சொல். ஒன்றை எடுத்துக்கொண்டு அதற்கு ஈடாக இன்னொன்றைக் கொடுப்பது. பதிலடி, பதிலாள், பதிலுக்குப் பதில் எல்லாம் அங்கிருந்துதான். ரகு 15 வருடமாகக் கேட்டுக்கொண்டிருப்பது இந்த ஈட்டைத்தான். அவனுடைய மனைவிக்கும் மகனுக்கும் ஈடாக எதை வாங்கினால் கணக்கு சரியாகும்? எனக்கு இந்தப் படமே அந்த ஒரு கேள்விதான்.

வில்லனின் பெயரும் நம் வீட்டுச் சொல்தான். 'லாயக்' என்றால் தகுதியானவன். நம் ஊரில் "எதுக்கும் லாயக்கில்ல" என்று திட்டுகிறோமே, அதே சொல்.

ஹிந்தி தெரியாமல் பார்க்கலாமா?

தாராளமாக. எனக்கு அன்றைக்குத் தெரிந்த ஹிந்தி, ஆட்டோக்காரரிடம் வழி சொல்லும் அளவுக்குத்தான். இங்கிலீஷ் வசன வரிகளோடு பார்த்தேன். லாயக் பேசும் கொச்சையின் சுவை மட்டும் பாதி கைநழுவிப் போகும். அவன் சிறையில் அடிக்கிற நக்கல்களுக்குத் தாயி சிரித்த பிறகுதான் எனக்கு விளங்கியது. ரகுவுக்கோ பேச்சே குறைவு. பல இடங்களில் அவன் முகத்தைப் பார்த்துத்தான் கதையைப் பின்தொடர வேண்டும். அதற்கு மொழி தேவையில்லை.

ஆரம்பத்தைத் தவற விடாதே என்கிறார்களே, அப்படி என்ன இருக்கிறது?

ஒரு தெரு இருக்கிறது. அவ்வளவுதான், ஆனால் அந்தத் தெருவை என்னால் மறக்க முடியவில்லை.

கேமரா ஒரு இடத்தில் நின்றுவிடுகிறது. புணேயின் சாதாரணமான பகல் நேரத் தெரு. வண்டிகள் போகின்றன, வருகின்றன, ஆட்கள் நடக்கிறார்கள். எழுத்துகள் போய்க்கொண்டிருக்க நாம் எதைப் பார்க்க வேண்டும் என்று யாரும் விரலை நீட்டிக் காட்டுவதில்லை. பின்னணி இசை பயமுறுத்தவில்லை, யார் முகத்துக்கும் கேமரா கிட்டே போகவில்லை. ஜன்னலோரமாக உட்கார்ந்து தெருவை வேடிக்கை பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் தேநீர் டம்ளர். ஓர் அம்மா பையனைக் கூட்டிக்கொண்டு காருக்குப் போகிறாள் என்பதைக் கவனித்தேன், ஆனால் கவனித்ததாகவே மனதில் பதியவில்லை. அவளும் தெருவில் போகிற இன்னொருத்தி. பிறகு வங்கியிலிருந்து ஆட்கள் ஓடி வருகிறார்கள், கார் பறிபோகிறது, தெருவே கலைகிறது.

நிஜ வாழ்க்கையில் கெட்டது நடக்கும்போது இப்படித்தான் நடக்கிறது. அதற்கு முன்னறிவிப்பு இசை இருப்பதில்லை. படம் முடிந்த மறுநாள் காலை நான் அலுவலகத்துக்கு நடந்து போகையில், தெருவில் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு காரைத் திறக்கிற ஒவ்வொரு அம்மாவையும் பார்த்தேன். ஒரு வாரம் அப்படியே இருந்தது. ஐந்து நிமிடம் தாமதமாக வந்து உட்கார்ந்தால் இது போய்விடும். அதனால்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

ரொம்ப வன்முறையா? வீட்டில் எல்லாரோடும் பார்க்கலாமா?

கூடாது. தணிக்கைச் சான்றிதழே 'ஏ', பெரியவர்களுக்கு மட்டும். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் கூடத்தில் போடாதீர்கள்.

அளவில் பார்த்தால் இன்றைய சண்டைப் படங்களில் விழுகிற பிணங்களில் கால் பங்குகூட இதில் இல்லை. வலிக்கிற விதம்தான் வேறு. நான் பார்த்து வளர்ந்த பழிவாங்கும் படங்களில் நாயகன் அடிக்கும்போது நம் கையும் சேர்ந்து ஓங்கும். பஞ்ச் வசனம் வரும், மேளம் அதிரும், விசில் பறக்கும். செத்தவன் கெட்டவன் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்காது. இங்கே அந்தச் சலுகை எதுவும் கிடையாது. ஓரிடத்தில் ரகுவின் கையில் சுத்தியல் வருகிறது. துப்பாக்கி என்றால் தூரத்தில் நின்று முடித்துவிடலாம். சுத்தியலுக்குக் கை நீளம்தான் தூரம், ஒரே அடியில் முடிவதும் இல்லை. அந்தக் காட்சியை நான் தனியாகத்தான் பார்த்தேன், தாயி எழுந்து சமையலறைக்குப் போயிருந்தார். முடிந்ததும் படத்தை நிறுத்தினேன். டம்ளரில் தேநீர் ஆறி ஆடை கட்டியிருந்தது. குடிக்கப் பிடிக்கவில்லை. நாயகன் பக்கம் நின்றுதான் இவ்வளவு நேரம் பார்த்தேன், இப்போது எங்கே நிற்பது என்று தெரியவில்லை.

பெண்கள் மீதான வன்முறையும் உண்டு. அதைப் பற்றித் தனியாகக் கீழே எழுதியிருக்கிறேன். அப்படிப்பட்ட அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து தெரிந்துகொண்டு உட்காருங்கள்.

வருண் தவான் ஆடிப்பாடுகிற நடிகர் ஆயிற்றே?

2012ல் மாணவர்களைப் பற்றிய படம் ஒன்றில் அறிமுகமாகி, மூன்று வருடம் காதலும் கூத்துமாக நடித்து, 27 வயதில் இதற்கு வந்தார். முந்தைய படங்களை நான் பார்க்காததால் எனக்கு அந்தச் சிரித்த முகமே தெரியாது. தாயிக்குத் தெரியும், அவருக்குத்தான் அதிர்ச்சி. இளைஞனாக வரும்போது கச்சிதமாக இருக்கிறார். 15 வருடம் கழித்து வரும் ரகுவுக்கு நாற்பதை ஒட்டிய வயது. தாடியை வளர்த்தாலும் அந்த வயது அவர் உடம்பில் ஏறவில்லை என்பதே என் எண்ணம். ஆனால் கண்ணில் ஏறியிருக்கிறது. எதையும் ரசிக்காத, எதற்கும் அவசரப்படாத கண். அதுவே போதும் என்று பட்டது.

லாயக் கொலைகாரன். அவனை ஏன் எல்லாரும் இவ்வளவு ரசிக்கிறார்கள்?

நவாசுத்தீன் சித்திக்கி, அதுதான் முதல் காரணம். உத்தரப் பிரதேசத்தின் புடானா என்ற சிற்றூரில் பிறந்து, தில்லி தேசிய நாடகப் பள்ளியில் படித்து, ஒரு காட்சி இரண்டு காட்சி வேடங்களில் வருடக்கணக்கில் நின்று மேலே வந்தவர். நம் 'பேட்ட'யில் வில்லனாக வந்தவர் என்றால் சட்டென்று நினைவு வரும்.

இரண்டாவது காரணம்தான் எனக்கு முக்கியம். ரகு வாழ்வதை நிறுத்திவிட்டான், லாயக் நிறுத்தவே இல்லை. பொய் சொல்கிறான், சிரிக்கிறான், சிறையிலிருந்து திரும்பத் திரும்பத் தப்பிக்கப் பார்க்கிறான், மாட்டி உதை வாங்குகிறான், மறுபடி திட்டம் போடுகிறான். வெளியே ஒருத்தி இருக்கிறாள் என்ற நினைப்பு அவனுக்கு 15 வருடம் குறையவில்லை. நோய் வந்த பிறகும் ஆசை போகவில்லை. வீட்டில் வாசலைப் பார்த்துக்கொண்டு ஒரு அம்மா இருக்கிறாள். இதையெல்லாம் பார்க்கப் பார்க்க அவன் செய்தது நமக்கு மறந்துபோகிறது. மறந்துவிட்டோமே என்று நாமே திடுக்கிடுகிறோம். அந்தப் பையனின் முகத்தை நான் மறுபடி வலிய நினைவுக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. படத்தில் ஓர் ஆப்பிரிக்கப் பழமொழி வருகிறது: கோடரி மறந்துவிடும், மரம் மறக்காது. லாயக் கோடரி, ரகு மரம். ஆனால் மரமே கோடரிக்குக் காம்பாகிப் போனால் என்ன செய்வது?

நமக்குத் தெரிந்த முகங்கள் வேறு யாராவது?

நிறையவே. லாயக்கின் காதலி ஜிம்லியாக வரும் ஹுமா குரேஷியை 'காலா'விலும் 'வலிமை'யிலும் பார்த்திருப்பீர்கள். ராதிகா ஆப்தே 'கபாலி'யின் குமுதவல்லி. ரகுவின் மனைவியாகச் சில நிமிடங்களே வரும் யாமி கௌதமும் தமிழில் நடித்திருக்கிறார். சமூக சேவகியாகத் திவ்யா தத்தா, விசாரிக்கும் போலீஸ்காரராகக் குமுத் மிஸ்ரா. ஸ்ரீராம் ராகவனின் பெயர் புதிதாகத் தெரிந்தால், விஜய் சேதுபதியை வைத்து ஹிந்தியிலும் தமிழிலும் எடுத்து 2024 பொங்கலை ஒட்டி வந்த 'மேரி கிறிஸ்துமஸ்' அவருடையதுதான். பிரசாந்த் நடித்த 'அந்தகன்', அவருடைய 2018 படமான 'அந்தாதுன்' தமிழுக்கு வந்த வடிவம்.

கதை சொந்தமா, எங்கிருந்தாவது எடுத்ததா?

இத்தாலிய எழுத்தாளர் மாசிமோ கார்லோத்தோ 2004ல் எழுதிய நாவலைத் தழுவியது. அவருடைய வாழ்க்கை தெரிந்த பிறகு படம் எனக்கு இன்னும் கனத்தது. 1976ல் பாதுவா நகரில் நடந்த ஒரு கொலையில், மாணவராக இருந்த அவரைக் குற்றவாளி ஆக்கினார்கள். தான் செய்யவில்லை என்றே கடைசிவரை சொன்னார். நாட்டை விட்டு ஓடினார், மெக்சிகோவில் பிடிபட்டார், சிறையில் இருந்தார், நோயில் விழுந்தார். 1993ல் இத்தாலியக் குடியரசுத் தலைவர் மன்னிப்பு வழங்கித்தான் வெளியே வந்தார். மன்னிப்புக்குக் காத்திருப்பது என்றால் என்னவென்று உடம்பால் அறிந்தவர் அவர். லாயக் சிறையில் நோயோடு காத்திருக்கிற காட்சிகளில் அந்த உண்மை இருக்கிறது.

பாதிக்கப்பட்டவர் மன்னித்தால் கைதியை விடுவிப்பார்களா? சட்டம் அப்படியா?

படத்தில் ரகு சம்மதித்தால் காரியம் எளிதாகும் என்கிற மாதிரி வருகிறது. சட்டத்தில் அந்த முடிவு அவன் கையில் இல்லை. தண்டனையைக் குறைப்பது மாநில அரசின் அதிகாரம். படம் வந்த காலத்தில் இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 432ஆம் பிரிவு அதைச் சொன்னது. அரசியல் சட்டத்தின் 161ஆம் பிரிவில் ஆளுநருக்கும் மன்னிக்கும் அதிகாரம் உண்டு. ஆனால் பாதிக்கப்பட்டவரின் குரலுக்கு இடமே இல்லை என்றும் இல்லை. 2002 குஜராத் கலவரத்தில் கூட்டு வன்கொடுமைக்கு ஆளாகி, குடும்பத்தினரையும் பறிகொடுத்தவர் பில்கிஸ் பானோ. அந்த வழக்கில் தண்டனை பெற்ற 11 பேரை குஜராத் அரசு முன்கூட்டியே விடுவித்ததை எதிர்த்து அவரே நீதிமன்றம் போனார். வழக்கு நடந்து தண்டனை விதிக்கப்பட்டது மகாராஷ்டிரத்தில், எனவே குஜராத்துக்கு அந்த அதிகாரமே இல்லை என்று 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்தது.

(இனி வரும் பதில்களில் கதையின் திருப்பங்களும் முடிவும் இருக்கின்றன. படம் பார்த்துவிட்டு வாருங்கள்.)

படத்தில் பெண்கள் நடத்தப்படும் விதம் உங்களுக்குச் சரியாகப் பட்டதா?

இல்லை. என்னை மிகவும் படுத்திய கேள்வி இது. பல நாள் யோசித்திருக்கிறேன்.

ரகுவின் கோபம் முதலில் இறங்குவது ஜிம்லியின் மேல். கொள்ளையில் அவளுக்குப் பங்கில்லை, லாயக்கின் காதலி என்பதுதான் அவள் செய்த தப்பு. அவளிடம் வலுக்கட்டாயமாக நடந்துகொள்கிறான். 15 வருடம் கழித்து, தப்பித்த கூட்டாளி ஹர்மனைக் கண்டுபிடித்ததும் அவனுடைய மனைவியை மிரட்டி அவமானப்படுத்துகிறான். கணவன் வெளியே நின்று கேட்க வேண்டும் என்பதற்காகவே செய்கிறான். பிறகு இருவரையும் கொல்கிறான். கொலை நடந்த ராத்திரிக்குச் சாட்சி வேண்டும் என்று, தன்னிடம் பிரியம் காட்டிய அந்தச் சமூக சேவகியையும் பயன்படுத்திக்கொள்கிறான். மூன்று பேரில் ஒருத்திகூட அவன் குடும்பத்துக்குக் கெடுதல் நினைத்தவள் இல்லை.

மதுரையை எரித்த கண்ணகியே நெருப்புக்கு எல்லை வகுத்தாள். அறவோரை விடு, முதியோரை விடு, குழந்தைகளை விடு, தீயவர் பக்கம் மட்டும் போ என்றாள். ரகுவின் நெருப்புக்கு எல்லையே இல்லை.

இயக்குநர் இதை ரசித்துக் காட்டவில்லை, ரகுவின் வீழ்ச்சியாகவே காட்டுகிறார் என்று தாயி வாதாடினார். அது உண்மைதான். பார்க்கும்போது யாருக்கும் அவன் மேல் மதிப்பு கூடாது. ஆனால் ஒரு ஆணின் வீழ்ச்சியைச் சொல்வதற்கு இத்தனை பெண்களின் உடம்பு தேவைப்படுகிறதே என்கிற என் வருத்தம் போகவில்லை. ஹர்மனின் மனைவி ஐந்து நிமிடம் ரகுவிடம் தனக்காகப் பேசுகிறாள், ராதிகா ஆப்தே அந்த ஐந்து நிமிடத்தில் ஒரு முழு வாழ்க்கையைக் கொண்டுவருகிறார். அவள் செத்த பிறகு அவளுக்காக அழ படத்தில் யாரும் இல்லை. இன்னும் ஒரு காட்சியாவது அவளுக்கென்று இருந்திருக்க வேண்டும்.

முடிவில் லாயக் ஏன் அந்தப் பழியை ஏற்றுக்கொள்கிறான்?

ஹர்மனையும் அவன் மனைவியையும் தான்தான் கொன்றதாகச் சொல்லி லாயக் போலீஸில் போய் நிற்கிறான். மறுபடி சிறை, சில மாதத்தில் மரணம். எப்படியும் சாகப்போகிறவனுக்கு இதில் என்ன நஷ்டம் என்று என் தம்பி கேட்டான். இருந்த நாட்கள்தான் நஷ்டம். 15 வருடம் சுவர் ஏறிக் குதிக்கப் பார்த்தவன், வெளிக்காற்றுக்காக அவ்வளவு துடித்தவன், மிச்சமிருந்த அந்தக் கொஞ்ச நாளையும் தானே கொண்டுபோய்க் கொடுக்கிறான்.

சுட்டது தான்தான் என்று அவன் ரகுவிடம் ஒப்புக்கொள்கிறான். 15 வருடமாக எல்லாரிடமும் கூட்டாளி மேல் போட்ட பழி அது. லாயக் செய்தது ஓடும் காரில், பதற்றத்தில். ரகு செய்தது 15 வருடம் யோசித்து, இடம் பார்த்து, சாட்சி தயார்செய்து. இதை லாயக் புரிந்துகொள்கிறான் என்று நான் நம்புகிறேன். தன் கையால் ஒரு மனிதன் என்ன ஆகிவிட்டான் என்பதை முதல் தடவையாக நேரில் பார்க்கிறான். 'தகுதியானவன்' என்ற பெயர் அந்த ஒரு செயலில்தான் அவனுக்குப் பொருந்துகிறது.

அப்படியானால் ரகு தப்பித்துவிட்டானா?

சட்டத்திலிருந்து, ஆமாம். ஜிம்லி அவனிடம் வந்து, லாயக் உனக்கு இன்னொரு வாய்ப்பு கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான், அதை வைத்து என்ன செய்யப் போகிறாய் என்கிற மாதிரிக் கேட்டுவிட்டுப் போகிறாள். கேட்பது யார் என்று பாருங்கள். அவன் முதலில் காயப்படுத்தியவள். அவனால் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. மழையில் அப்படியே நிற்கிறான். பதிலுக்குப் பதில் வாங்கப் போனவனிடம் பதில் இல்லை.

யாரோடு பார்க்கலாம்?

முடிந்தபின் உட்கார்ந்து பேச ஒரு ஆள் இருக்கும்போது பாருங்கள். நானும் தாயியும் அன்றைக்கு இரண்டு மணிவரை பேசினோம், வெளியே மழை விடவே இல்லை. படம் வந்த புதிதில் கல்லூரித் தோழிகளோடு தியேட்டரில் பார்த்ததாகச் சொன்னார். சுத்தியல் காட்சியில் பின்வரிசையில் யாரோ கைதட்டினார்களாம். "நானும் தட்டினேன்" என்றார். இந்தத் தடவை அது வரப்போகிறது என்று தெரிந்துதான் எழுந்து போயிருக்கிறார். கொதித்து இறக்கியிருந்த தேநீரையே மறுபடி அடுப்பில் ஏற்றி, சத்தம் அடங்கும்வரை கரண்டியால் கிளறிக்கொண்டே நின்றாராம்.